காலை பஸ்ஸில் வந்தவர்களின் கோப்புகள்

அந்த வாரம் திங்கட்கிழமை நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் கூச்சமாக இருக்கிறது.

காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஸ்கேன், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கேயே. கணினி அறிவியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் ஓர் இணைய வகுப்பு. அது முடிந்ததும் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியைக் கிளப்பினால் பதினொரு மணிக்குக் கடையில் இருப்பேன். கடைக்காரரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் காலை ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவார். போலகம், பட்டினம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களுக்காக. அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு எட்டு மணி பஸ்ஸில் திரும்பிப் போய்விடலாம். அரை நாள் கூலி மிச்சம்.

அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்கேன் பண்ணிய எதையும் அழிக்க மாட்டார். ஊர்ப்பெயரும் கைபேசி எண்ணும் போட்டு, ஸ்கேன் என்ற ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுவார். யாராவது “பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க” என்றால் அவருக்குக் கோபம் வரும். “எதுக்கு? தொலைச்சுட்டு வந்து நிக்கவா? எங்கிட்ட இருக்கும், எப்ப வேணா வா.” ஜனங்களும் அப்படியே பழகிவிட்டார்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பத்திரத்தின் முதல் பக்கம் என்று ஒரு தாலுகாவின் அலமாரியே அந்தப் பழைய கணினிக்குள் இருந்தது.

அது சாகக் கிடந்தபோது, பழைய கணினிகளுக்கென்றே இருக்கிற லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றி எழுப்பி உட்கார வைத்தவள் நான். அதிலிருந்து எனக்குக் கடையில் தனி மரியாதை. கறுப்புத் திரையைத் திறந்து நான் கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்தால் அண்ணன் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்.

“என்னா பாப்பா, சினிமாவுல பேங்க்கக் கொள்ளையடிக்கிறவன் மாதிரி தட்டுற?”

எனக்கு உண்மையிலேயே அதில் ஒரு வெறி இருந்தது. மவுஸை வைத்து ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்ப்பது, ஒரு தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி விசாரிப்பது மாதிரி. ஃபைண்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எங்கே தேடணும், பெயரில் என்ன இருக்கணும், எவ்வளவு பெரிசு, எந்தத் தேதிக்கு முன்னே, எதற்குப் பின்னே என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். தெரு முழுக்க நடந்து, பொருந்துகிற ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு வரும். லொக்கேட் என்று இன்னொன்று. அது நடக்கவே நடக்காது. முன்னமே எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து நொடியில் பதில் சொல்லும். பட்டியல் பழசாக இருந்தால் பதிலும் பழசு, அவ்வளவுதான். இந்தக் கணினியில் அந்தப் பட்டியலை நானாகச் சொன்னால்தான் புதுப்பிக்கும்படி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், இடமில்லை என்று கணினி அடம்பிடித்தது. ஸ்கேன் எடுத்தால் சேமிக்க மறுத்தது. கடை வாசலில் ஆறேழு பேர். நான் சொன்னேன், “அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு மேல பழசானத மட்டும் தூக்கிடட்டுமா? யாரும் கேட்டு வரப்போறதில்ல.” அவர் லேமினேஷன் மெஷினிடம் போராடிக்கொண்டிருந்தார். “பழசுதானே? தூக்கு.”

அழிப்பதற்கு முன் பட்டியலை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கணும் என்பது நான் படித்த பாடம். பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள், சரசரவென்று மேலே ஓடின. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, 2012 ஜனவரி ஒன்று. லினக்ஸ் ஏற்றியபோது எல்லாவற்றையும் மொத்தமாகக் காப்பி பண்ணியதில் தேதி இப்படி ஆகியிருக்கும் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம். வாசலில் கூட்டம், எனக்கு வேகம். அதே வரியின் கடைசியில் ‘அழி’ என்று சேர்த்து என்டரைத் தட்டினேன்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“ஒரே வரியிலயா!” என்று அண்ணன் வாசலில் நின்றவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு ஓர் அம்மாவும் மகளும் வேகமாக உள்ளே வந்தார்கள். போலகம். அந்த அம்மா வயல் வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. மகள் இந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்தவள்.

“தம்பி, நர்சிங்குக்கு இடம் காலியா இருக்காம், இஞ்சயே, காரைக்கால்லயே. இன்னிக்குத்தான் கடைசியாம். அஞ்சு மணிக்குள்ள ஏத்தணுமாம்.”

“ஏத்திட்டாப் போச்சு, உக்காருங்கக்கா” என்றார் அண்ணன். “ஏ பாப்பா, அக்காவோட பேப்பரெல்லாம் எடு.”

மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் மகளுடைய கைபேசியிலேயே இருந்தன. வேண்டியது குடியிருப்புச் சான்றிதழ் மட்டும். அது இல்லாவிட்டால் உள்ளூர் ஒதுக்கீட்டில் பெயரே வராது. நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் வேறு மாநிலம் ஆகிவிடுகிற எங்கள் ஊரில், நீ எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்கிற அந்த ஒரு தாளுக்குத்தான் மதிப்பு. அசல் எங்கே என்று கேட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் போன மாதம் சேர்ந்தபோது எல்லா அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். புதிதாக எழுதிக் கொடுத்தால் தாலுகா ஆபீஸில் பத்து நாளாவது ஆகும்.

அந்த அம்மாவின் கைபேசி எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஊர்ப்பெயர் போட்டேன். ஏழெட்டு வந்தது, எதுவும் இவர்களுடையது இல்லை.

“என்னிக்கு வந்து ஸ்கேன் பண்ணீங்க?”

“மாங்கனி எறைச்சாங்கள்ல, அதுக்கு மறுநாளு. ஒரு விண்ணப்பம் போடணும்னு காலைல மொத பஸ்ல வந்தோம். இவகூட அன்னிக்குக் கெடச்ச மாம்பழத்தத் தின்னுக்கிட்டே வந்தா.”

“அம்மா!” என்றாள் மகள்.

சுவர்க் காலண்டரில் மாதத்தைப் பின்னால் புரட்டி, மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள் தேதியைப் பிடித்தேன். ஸ்கேன் ஃபோல்டரில் அந்த ஒரு நாளில் உருவான கோப்புகளை மட்டும் கேட்டேன். மூன்றே மூன்று வந்தன, மூன்றும் மதியத்துக்கு மேல் எடுத்தவை. திருவிழா முடிந்த மறுநாள், கடை நிரம்பி வழிந்திருக்கும். மூன்றா?

லொக்கேட்டைக் கூப்பிட்டு அதே எண்ணைக் கொடுத்தேன். நொடியில் பதில் சொன்னது. இருக்கிறது, ஸ்கேன் ஃபோல்டரில், போலகம், அந்த அம்மாவின் எண், நாலு கோப்புகள். அதைத் திறக்கச் சொன்னால், அப்படி ஒரு கோப்பே கிடையாது என்றது அதே கணினி. பட்டியலை நான் கடைசியாகப் புதுப்பித்தது போன வாரம். அழித்தது திங்கட்கிழமை.

அழித்தது நான்தான். ஆனால் ரெண்டு மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் எப்படி ரெண்டு வருஷப் பழசாகும்? இன்றைக்குக் காலையில் வந்த ஒருவரின் எண்ணை அண்ணனிடம் கேட்டுத் தேடிப் பார்த்தேன். அவருடைய ரேஷன் கார்டு, நாலைந்து மணி நேரத்துக்கு முன் ஸ்கேன் பண்ணியது. தேதி, 2012 ஜனவரி ஒன்று.

அண்ணனைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்தி, “இது ஏன் 2012-ன்னு காட்டுது?” என்றேன்.

“அதுவா? காலையில அது அப்டித்தான் காட்டும். பக்கத்து மருந்துக்கடை தொறந்து நெட்டு வந்துச்சுன்னா சரியாயிடும்.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஒரு இடி மழையில் ஒரு பிரிண்டர் எரிந்து போனதிலிருந்து அண்ணன் தினமும் கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். கணினிக்குள் நேரத்தை நினைவு வைத்துக்கொள்கிற சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு நாள் காலையும் அது 2012-இல் கண் விழிக்கும். எங்களுக்கு நெட் பக்கத்து மருந்துக்கடையோடு பங்கு, அவர்கள் ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். நெட் வந்ததும் தேதி தானாகச் சரியாகும். நான் பதினொரு மணிக்கு வருகிறவள். அந்த இரண்டரை மணி நேரத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்படியென்றால் நான் அழித்தது பழைய கோப்புகளை அல்ல. முதல் பஸ்ஸில் வந்தவர்களை. பத்து மணிக்கு மேல் பைக்கில் வந்து நிற்கிற டவுன்காரர்களின் தாள்கள் எல்லாம் பத்திரம். திங்கட்கிழமை வரை ஏழு மணிக்கு வந்தவர்களுடையது ஒன்றுகூட இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “ஆயிரமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து வெளியே போய் அந்த அம்மாவிடம், “சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்குக்கா, எடுத்துரலாம்” என்றார். நானும் தலையாட்டினேன்.

மகள் தலையாட்டவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தாள். பிறகு குனிந்து என் காதோரம் கேட்டாள்.

“அக்கா, அழிஞ்சிடுச்சா?”

நான் அதே எண்ணை மறுபடி தட்டித் தேடினேன். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா மின்விசிறியின் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க. ஆரம்பிச்சா நிறுத்தாது” என்றாள்.

வெளியே போய்த் தனியார் கல்லூரிக்குப் போன் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு மட்டும் அசைவது தெரிந்தது. திரும்பி வந்து, “நாளைக்கு அப்பா அம்மாவோட நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமாம். போட்டோ எடுத்து அனுப்பக் கேட்டேன். அதெல்லாம் வழக்கமில்லையாம்” என்றாள்.

மணி ஒன்றே முக்கால். அழித்த கோப்பை மீட்கிற மென்பொருள்கள் உண்டு, எனக்குத் தெரியும். வட்டையே அங்குலம் அங்குலமாகத் தோண்டிப் பெயரில்லாத துண்டுகளாக அள்ளிப் போடும். அதற்கு இன்னொரு வட்டு வேண்டும், ராத்திரி முழுக்க நேரம் வேண்டும். எங்களிடம் மூன்றேகால் மணி நேரம். குப்பைத் தொட்டியைப் பார்த்தேன், கறுப்புத் திரையில் அழித்தால் அங்கே எதுவும் போகாது என்று தெரிந்துகொண்டே. அண்ணனின் பென் டிரைவ் ரெண்டிலும் தேடினேன். மெயிலில் தேடினேன். ஒவ்வொரு தடவை என்டரைத் தட்டும்போதும் ஒரு நம்பிக்கை, அடுத்த நொடியில் வெறும் கர்சர். என் விரல்கள் எழுத்துகளைத் தப்பாகத் தட்ட ஆரம்பித்தன. ஒரு வரியைச் சரியாக அடிக்க நாலு தடவை ஆனது.

“தண்ணி குடிங்கக்கா” என்று மகள் தன் பாட்டிலை நீட்டினாள். பறிபோவது அவளுடைய இடம். தண்ணீர் எனக்கு.

மூன்று மணி ஆகிவிட்டது. மற்ற தாள்களையாவது ஏற்றி வைப்போம் என்று விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு கோப்பும் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு மதிப்பெண் பட்டியலைச் சுருக்கப் போனவள், அப்படியே நின்றேன். எங்கள் ஸ்கேனர் எடுக்கிற எதுவும் ரெண்டு எம்.பி.க்குக் குறையாது.

“அண்ணே, அன்னிக்கு இவங்களுக்கு ஒரு விண்ணப்பம் போட்டீங்கள்ல? கோப்பு பெருசுன்னு சொல்லியிருக்குமே. என்ன பண்ணீங்க?”

“சுருக்கித்தான் போட்டேன்.”

“எப்டிச் சுருக்குனீங்க?”

“பிரிண்ட் குடுத்து, பிரிண்டருக்குப் பதிலா பி.டி.எஃப்.னு இருக்கும்ல, அதத் தட்டுவேன். சின்னதாயிடும். அப்பறம் ஏத்துற எடத்துல சமீபத்துலன்னு ஒரு லிஸ்ட் வரும், மேலயே நிக்கும். அதத் தட்டி ஏத்துவேன்.”

“அது எந்த ஃபோல்டர்ல போயி விழுது?”

“அது யாருக்குத் தெரியும்?”

“எத்தன மணிக்குப் பண்ணீங்க?”

அண்ணன் யோசிப்பதற்குள் அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார். “மருந்துக்கட தொறந்தப்பறந்தான். நெட்டு வரலன்னு எட்டு மணி பஸ்ஸ வுட்டுட்டு ஒக்காந்திருந்தோமே.”

மருந்துக்கடை திறந்த பிறகு. அதாவது தேதி சரியான பிறகு. ஸ்கேன் பண்ணியது 2012-இல், சுருக்கியது இந்த வருஷத்தில். நான் அழிக்கச் சொன்ன வரி ஸ்கேன் ஃபோல்டரைத் தாண்டிப் போயிருக்காது. மத்தியானத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருந்ததும் அந்த ஃபோல்டரையும் அந்த எண்ணையும்தான். சுருங்கிய நகலுக்கு அந்த எண்ணே இருந்திருக்காது.

இந்தத் தடவை மெதுவாக அடித்தேன். கணினி முழுக்கத் தேடு, ஒரு ஃபோல்டர் விடாதே. பி.டி.எஃப். மட்டும். 200 கே.பி.க்குக் குறைவு. மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாளிலிருந்து அதற்கடுத்த நாள் வரை. மகள் என் தோளுக்கு மேல் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தாள். “அந்தத் தேதி சரியாக்கா?” என்று கேட்டு மறுபடி காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பதினான்கு வந்தன. நான் எட்டியே பார்த்திராத ஒரு ஃபோல்டரில், வேலை எண் இத்தனை என்று மொட்டைப் பெயர்களோடு. ஒவ்வொன்றாகத் திறந்தோம். யாரோ ஒருவரின் வங்கிப் புத்தகம். யாரோ ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். ஒரு கல்யாணப் பத்திரிகை. எட்டாவதில் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்ததும் அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஒன்பதாவது சாதிச் சான்றிதழ். பத்தாவது, பக்கவாட்டில் படுத்துக் கிடந்த குடியிருப்புச் சான்றிதழ். அவள் கழுத்தைச் சாய்த்து அப்பா பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் படித்தாள். “இதான்” என்றாள், ரொம்ப மெல்ல.

கடைசி நாள் என்பதால் அந்த இணையதளம் திணறிக்கொண்டிருந்தது. முதல் தடவை பாதியில் நின்றது. ரெண்டாவது தடவை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே நுழையச் சொன்னது. கைபேசிக்கு வர வேண்டிய எண் வரவில்லை. மகள் போனைப் பிடித்தபடி கடை வாசலுக்கு ஓடி, சிக்னல் பிடித்து, அங்கிருந்தே எண்களைக் கத்தினாள். நாலே முக்கால் தாண்டி, விண்ணப்பம் பெறப்பட்டது என்ற பச்சை வரி வந்தது. அண்ணன் யாரும் கேட்காமலே மூன்று பிரிண்ட் எடுத்தார்.

அந்த அம்மா பிரிண்ட்டை நாலாக மடிக்காமல், சுருட்டாமல், அப்படியே இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“மத்தியானத்துலேர்ந்து தேடுனியே பாப்பா, எங்கதான் இருந்துச்சு அது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

“உங்க ஸ்கேன நான் திங்கக்கெழம அழிச்சுட்டேம்மா” என்றேன். “தெரியாமத்தான். இது அன்னிக்கி அண்ணன் சுருக்குன நகல். அது தப்பிச்சுக் கெடந்துச்சு.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “ஒனக்குத் தெரியுமா இது?” மகள் வெளியே பஸ் வருகிறதா என்று பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டாள்.

“எங்களுது மட்டுமா?”

“இல்லம்மா. காலையில வந்தவங்க எல்லாரோடதும். சுருக்கி ஏத்தினவங்களோடது ஒண்ணு ரெண்டு கிடைக்கும். மத்ததெல்லாம் போயிடுச்சு. தோண்டிப் பாத்தாலும் எத்தன மீளும்னு தெரியல.”

“அன்னிக்கு எங்ககூட அதே பஸ்ஸுல நாலு பேரு வந்தாங்களே. அவங்க ஒண்ணும் ஏத்தல, ஸ்கேன் மட்டும் பண்ணிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கே போயிட்டாங்க. அவங்களுக்குச் சொல்லிட்டியா?”

சொல்லவில்லை. எனக்கு அவர்கள் யார் என்றே தெரியாது. ஆனால் லொக்கேட்டின் பழைய பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாவிட்டாலும் எண் இருந்தது. யாராவது தெரியாமல் பட்டியலைப் புதுப்பித்தால் அதுவும் போய்விடும் என்று திடீரென்று உறைத்து, முதலில் அதை ஒரு கோப்பில் கொட்டினேன், ரெண்டு நகல் எடுத்தேன், போலகம் என்று வருகிற வரிகளை மட்டும் பிரித்து அச்சிட்டேன். முப்பத்தாறு எண்கள்.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள், “பஸ்ஸும்மா” என்றாள். “அடுத்ததுல போவலாம், ஒக்காரு.” தன் கைபேசியை எடுத்து மகளிடம் கொடுத்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பெயர் வந்ததும் அவர் சொல்வார், நான் எழுதுவேன். “இது எங்க எதுத்த வூடு. அசலு அவங்ககிட்டயே இருக்கு, கவலையில்ல. இது கீழத்தெரு, மவன் துபாய் போறதுக்கு எடுத்தாங்க, கேக்கணும். இது யாரு, ஆங், அவரு தவறிட்டாரு, அவரு பொண்டாட்டிக்கிட்டச் சொல்லணும், பென்சனுக்கு அலைஞ்சுகிட்டிருக்கு. இத மொதல்ல சொல்லு.”

அதன் பக்கத்தில் கோடு போட்டேன். அண்ணன் மருந்துக்கடைக்குப் போய்க் கணினி பேட்டரி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருப்பது கேட்டது. அங்கே எதற்கு விசாரிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஓர் எண்ணுக்குக் கைபேசித் திரையில் பெயர் எதுவும் வரவில்லை. அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. “நம்மூருதான், ஆனா ஆரு?” என்று ரெண்டு மூன்று பேரைச் சொல்லிப் பார்த்தார்.

“நீயே போட்டுக் கேளேன்” என்றார்.

என் போனில் அந்த எண்ணை அடித்தேன். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஓர் ஆண் குரல், பின்னால் டிராக்டர் சத்தம்.

“சொல்லுங்க, யாரு?”

நான் கடையின் பெயரைச் சொன்னேன். “அட, அண்ணன் கடையா! நானே வரணும்னு இருந்தேன். எம் பேப்பரெல்லாம் அங்கதான இருக்கு?”